தையல் மிஷின் மிதித்த கால்

2 ஜனவரி 1994, ஞாயிறு

ஈரோட்டில் நாங்கள் துணி எடுக்கும் மொத்தக் கடையில் புத்தாண்டுக்கு இந்த டைரியைக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த டைரிகளில் இதுவரை நான் கோலம்தான் போட்டுப் பழகியிருக்கிறேன். இந்த வருஷம் இவர் அதைக் கொண்டுவந்து தையல் மிஷின் மேல் வைத்து, "துளசி, இதுல நீ காரைப் பத்தி எழுதோணும்" என்றார்.

காரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? இருபது வருஷமாக அதே வெள்ளை அம்பாசிடர். அதில்தான் நானும் இவரும் வாரத்துக்கு ஐந்து சந்தைக்குப் போகிறோம். நான் தைத்த நைட்டியும் பாவாடையும் பின் சீட்டில் கூரை வரைக்கும் இருக்கும். முன் சீட்டில் நாங்கள் இரண்டு பேர், நடுவில் சோற்றுப் பாத்திரம். லிட்டருக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் அது கொடுத்ததில்லை. சந்தையில் விற்பதில் பாதியை வண்டி குடித்துவிடுகிறது. அதனால் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் வைக்கப் போகிறார். வைத்த நாளிலிருந்து மீட்டர் எவ்வளவு காட்டுகிறது, எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்று நான் எழுத வேண்டுமாம்.

"நீங்கதான் எப்பவும் நோட்டுல எழுதுவீங்க, இப்ப என்னாச்சு?"

"உன்ர கையெழுத்து முத்து முத்தா இருக்குது, அதான்."

கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷம். இன்றைக்குத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

5 ஜனவரி, புதன்

சென்னையிலிருந்து மகன் ரவீந்திரன் போன் செய்தான். "காரை வித்துப்போட்டு இங்க வந்துருங்கம்மா. எதுக்கு இந்த வயசுல சந்தை சந்தையா அலையறீங்க?" என்றான். எனக்கு ஐம்பத்து இரண்டுதான் ஆகிறது என்று சொன்னேன். அப்பாவுக்கு அறுபது என்றான். அதுவும் சரிதான்.

இவர் போனை வாங்கி, "டீசல் மாத்தறோம். பங்குனி வரைக்கும் ஓட்டிப் பாக்கறோம். தோது ஆகலீன்னா வண்டிய வித்துப்போட்டு வந்தர்றோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கோபித்துக்கொண்டு இரவுக்கு உப்புமா கிண்டினேன். இவருக்கு உப்புமா ஆகாது.

எனக்குச் சென்னை வேண்டாம். போன வருஷம் அங்கே பதினைந்து நாள் இருந்தேன். பேத்திக்குப் பாவாடை தைக்க மிஷினை மிதித்தால் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார்.

9 ஜனவரி, ஞாயிறு

கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகளில் எஞ்சின் பார்த்தோம். மெக்கானிக் ரப்பேலும் கூட வந்தார். எங்கள் காரை இருபது வருஷமாகப் பார்ப்பவர். காரைப் பற்றி இவருக்கே இல்லாத உரிமையோடு பேசுவார். நாலு கடை ஏறி இறங்கி, ஒரு வேனிலிருந்து கழற்றிய எஞ்சினைத் தட்டி, உருட்டி, மோந்து பார்த்து, "இதுங்கண்ணா" என்றார்.

எஞ்சின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தில் ஏற வேண்டும், குறித்துக்கொள்ள வேண்டும். இவர் குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எண்ணெய்ப் பிசுக்கு, ஒண்ணும் தெரியல. நீ படி" என்றார். ரப்பேல் அதை அப்போதுதான் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்திருந்தார். நான் படித்தேன்.

15 ஜனவரி, சனி

வண்டி ரப்பேலின் ஷெட்டில் வயிறு திறந்து கிடக்கிறது. பொங்கல் வாரம் முழுக்க மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில்தான் சந்தைக்குப் போனோம். கண்டக்டர் மூட்டைக்கு டிக்கெட் கேட்டார், டிரைவர் மூட்டையை இறக்கச் சொன்னார், பக்கத்து சீட்டுக்காரி நைட்டி என்ன விலை என்றாள். அவளுக்கு மட்டும் ஒன்று விற்றது.

பஸ்ஸின் போர்டைப் படிக்காமல் இவர் ஒவ்வொரு பஸ்ஸிலும் "எங்க போகுது?" என்று கேட்டார். ஆட்கள் நன்றாகப் பேசுகிறார்கள் என்று எனக்கு விளக்கமும் சொன்னார்.

19 ஜனவரி, புதன்

எஞ்சின் உட்கார்ந்துவிட்டது! ரப்பேல் பத்து நாளில் சிலிண்டரைத் துளைத்து, புது ரிங் போட்டு, கியர் பெட்டியோடு சேர்க்க ஒரு தகட்டைக் கடைசல் பிடித்து, முடித்துவிட்டார்.

டீசலைக் கிளப்புவதற்கு ஒரு சடங்கு இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் கிளப்பக் கூடாது. ஹீட்டர் சூடாக வேண்டும். இருபது எண்ண வேண்டும். இவர் எண்ணினார், நானும் எண்ணினேன், ரப்பேலும் எண்ணினார். இருபது முடிந்து சாவியைத் தள்ளினார். தோட்டத்து ஆயில் எஞ்சினைக் கொண்டுவந்து முகப்பில் வைத்தது போல ஒரு சத்தம். ஷெட்டுக்கு எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

வீட்டுக்கு வந்து சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். வண்டி நிற்கவில்லை. வாசலில் தடதடவென்று தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பயந்து கத்தினேன். டீசலை நிறுத்த சாவி போதாதாம், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு குமிழ் இருக்கிறது, அதை இழுத்துப் பிடிக்க வேண்டுமாம். ரப்பேல் இரண்டு தடவை சொல்லியும் இவர் மறந்துவிட்டார். நான்தான் போய் இழுத்தேன். அத்தனை பெரிய எஞ்சின் என் இரண்டு விரலுக்கு அடங்கியது. எனக்கு அது பிடித்திருந்தது.

மீட்டர்: 86,412.

22 ஜனவரி, சனி

புது எஞ்சின் கனம் தாங்காமல் வண்டி மூக்கைத் தரையில் தேய்க்கிறது. ரப்பேல் முன்பக்கத்தை முறுக்கி ஏற்றிக் கொடுத்தார். "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாப்பதுக்கு மேல போகக்கூடாதுங்க. ரிங் செட் ஆகோணும். மெத்துனு ஓட்டோணும்" என்றார்.

25 ஜனவரி, செவ்வாய்

ஆனைமலை சந்தை. இவர் முப்பதில்தான் ஓட்டினார். எஞ்சின் பழகுவதற்காக.

நான் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தேன். "அதோ ஒரு சைக்கிள் வருது பாருங்க. அந்த எருமைய யாரு இப்படி அவுத்து விட்டாங்களோ. இங்கதான திருப்பம்?" சும்மா, பேச்சுத் துணைக்கு. இவரும் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

திரும்பி வரும்போது ஒரு மைல் கல்லை உரசிவிட்டார். இடது பக்க மட்கார்டில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். எஞ்சின் சத்தத்தில் இவருக்குக் கேட்கவில்லை. இறங்கிப் பார்க்கவும் இல்லை. முன்பெல்லாம் காக்கை எச்சமிட்டால்கூட மோப்பம் பிடித்து வந்து துடைப்பார்.

நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் தையல் சாக்பீஸை எடுத்துக் கீறல் மேல் தேய்த்தேன். வெள்ளை வண்டி, வெள்ளை சாக்பீஸ். நல்லவேளை.

1 பிப்ரவரி, செவ்வாய்

மைலேஜ் பார்த்தோம். லிட்டருக்கு பதினான்கரை! டீசல் விலையும் பெட்ரோலில் பாதிதான். இவர் என் எதிரில் நின்று, "சொன்னனா இல்லியா?" என்று மூன்று தடவை கேட்டார். சொன்னீர்கள் என்று மூன்று தடவையும் சொன்னேன். சந்தோஷமாக இருக்கிறது. ரவீந்திரனுக்குப் போன் செய்து பதினைந்து என்றார். அரையை ஏற்றிச் சொல்வதில் தப்பில்லை.

சாக்பீஸ் பனியில் கரைந்துவிடுகிறது. தினமும் காலையில் இவர் குளிக்கப் போகும்போது ஒரு தடவை தேய்க்க வேண்டியிருக்கிறது.

6 பிப்ரவரி, ஞாயிறு

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான் கார் ஓட்டினேன்.

நெகமம் ரோட்டில் ஆள் இல்லாத இடத்தில் இவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். முகப்பைச் சுற்றி என் பக்கம் வந்து, "தள்ளி உக்காரு. நீ ஓட்டு" என்றார்.

"என்ன விளையாட்டுங்க இது?"

"விளையாட்டில்ல. ரப்பேல் என்ன சொன்னான்? மெத்துனு ஓட்டோணும்னான். என்ர கால் பெட்ரோலுக்குப் பழகின கால், அமுக்கிப்போடுது. உன்ரது தையல் மிஷின் மிதிச்ச கால். உனக்குத்தான் பதம் தெரியும். எஞ்சின் பழகற வரைக்கும் நீ ஓட்டு."

இப்படி ஒரு காரணத்தை யோசித்து எடுக்க இவருக்கு எத்தனை நாள் ஆனதோ. நான் நம்பினேன். நம்பாவிட்டால் கேள்வி கேட்க வேண்டி வரும்.

கிளட்ச் கனம். ஆனால் டீசலில் ஒரு புண்ணியம் இருக்கிறது. கிளட்சை மெல்ல விட்டால் வேறொன்றையும் மிதிக்காமலே வண்டி தானாக நகர்கிறது. பெட்ரோல் வண்டியாக இருந்திருந்தால் பத்துத் தடவை நின்றிருக்கும். இது பொறுமையான எஞ்சின். பட்டுப் பாவாடைக்கு ஓரம் அடிப்பது போல மிதித்தேன். இரண்டாவது கியர் வரைக்கும் போனேன். சிரிப்பு வந்தது. ஒரு மாட்டு வண்டிக்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார்.

7 பிப்ரவரி, திங்கள்

பழகுநர் லைசென்ஸுக்கு மனுக் கொடுத்து வாங்கிவிட்டேன். இவருக்குச் சொல்லவில்லை. ஊக்கும் பட்டனும் வாங்கப் போவதாகச் சொன்னேன். அதுவும் வாங்கினேன்.

10 பிப்ரவரி, வியாழன்

பொள்ளாச்சி சந்தை. ஊருக்குள் கூட்டம் என்பதால் இவரே ஓட்டினார். நான் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது.

போகிற வழியில் பெட்ரோல் பங்கில் நின்றோம். அங்கே இருபது வருஷமாக இருக்கிற தண்டபாணி எங்கள் வண்டியைப் பார்த்ததும் பழக்கத்தில் பெட்ரோல் பம்பின் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். இவர் வழக்கம்போல இறங்கி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு பம்புக்கு எதிரில் நின்று முள்ளைப் பார்த்தார். "ஆச்சு, ஆச்சு, சரி" என்றார். நான் பின்னால் பாவாடைகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

மூன்று கிலோமீட்டர் போவதற்குள் எஞ்சின் டக் டக்கென்று உள்ளேயிருந்து அடித்தது. வெள்ளைப் புகை விட்டு நின்றுபோனது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

ரப்பேல் சைக்கிளில் வந்து டாங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "பெட்ரோலு" என்றார். கயிறு கட்டி ஷெட்டுக்கு இழுத்துப் போனோம். சமாசாரம் கேட்டுத் தண்டபாணி ஓடி வந்தார். பாவம், அழுகிற நிலைமை.

"கை பழக்கமுங்கக்கா. வண்டியப் பாத்ததும் கை தானா போயிருச்சு. ஆனா அண்ணன் பக்கத்துலயே நின்னு பம்பைப் பாத்துட்டுத்தான இருந்தாரு? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே!"

ரப்பேல் தலையைக் குனிந்துகொண்டு டாங்கிலிருந்து வாளியில் வடிக்கத் தொடங்கினார். இவர் ஷெட் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி நின்றார். போன வருஷத்துக் காலண்டர் அது.

11 பிப்ரவரி, வெள்ளி

சந்தைக்குப் போகவில்லை. இவர் சாப்பிடவில்லை. நானும்.

12 பிப்ரவரி, சனி

மிஷினில் இருந்தேன். இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் மிதி நிற்கும் வரைக்கும் காத்திருந்தார்.

"எனக்குக் கண்ணு தெரியறதில்ல துளசி."

"தெரியுமுங்க" என்றேன்.

"எப்ப இருந்து?"

"நீங்க என்ர கையெழுத்தைப் பாராட்டின நாள்ல இருந்து."

சிரிப்பார் என்று நினைத்தேன். அழுதுவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. ஆறு மாசமாகப் பனி மூட்டத்துக்குள் ஓட்டுகிறாராம். கண்ணில் புரை. டாக்டரிடம் போனால் ஆபரேஷன் என்பார். இவருடைய அப்பா அந்தக் காலத்தில் ஊர் ஊராக வந்த ஒருவரிடம் கண்ணைக் கீறிக்கொண்டார். அதன் பிறகு எட்டு வருஷம் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். கடைசியில் சோற்றுத் தட்டைக்கூட இவர்தான் கையில் கொடுப்பாராம். "அப்படி ஆயிட்டா நீ என்ன பண்ணுவே? வண்டி போயிரும், சந்தை போயிரும். உன்னைக் கொண்டுபோய் அந்த மாடி வீட்டுல அடைச்சு வெக்கறதா?" என்றார்.

எனக்காகத்தான் பயந்திருக்கிறார். நானோ இவர் எங்கேயாவது மோதிவிடுவார் என்று பயந்துகொண்டு, எருமை வருகிறது, சைக்கிள் வருகிறது என்று பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து தனித்தனியாகப் பயந்திருக்கிறோம். எத்தனை மடத்தனம்!

பீரோவிலிருந்து என் பழகுநர் லைசென்ஸை எடுத்து இவர் கையில் வைத்தேன். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். "என்ன இது?" என்றார். படித்துக் காட்டினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போட்டோவுல எப்படி இருக்கறே?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்று சொன்னேன். பொய்தான்.

"நானு ஓட்டறனுங்க. நீங்க ஆபரேஷனுக்கு வாங்க" என்றேன். பேரம் படிந்தது.

16 பிப்ரவரி, புதன்

எஞ்சின் மாற்றியதை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்றுதான் ஆய்வுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். ஆய்வாளர் சின்ன வயது. எஞ்சின் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். இடது மட்கார்டில் கை வைத்தவர் விரலைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க பெரியவரே" என்றார்.

மைதானம் நிறைய ஆட்கள். லாரிக்காரர்கள், டிரைவிங் ஸ்கூல் பையன்கள், புரோக்கர்கள். இருபது வருஷமாக இவரை ஓட்டுநர் சீட்டில் மட்டுமே பார்த்தவர்கள் அதில் பாதிப் பேர். இவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எனக்குக் கண்ணு செரியில்லீங்க. வண்டிய ஓட்டறது இவிகதான்" என்று சொல்லி என் கையில் கொடுத்தார்.

இவரோடு வாழ்ந்ததில் இவரை இவ்வளவு பெருமையாக நான் பார்த்ததே இல்லை. அதை இங்கே எழுதிவைக்கிறேன். நேரில் சொன்னால் ஒரு மாசத்துக்கு நிலத்தில் கால் படாது.

ரப்பேல் எல் போர்டைக் கட்டினார். இவர் இடது பக்கம் ஏறினார். இருபது எண்ணினோம். மைதானத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டினேன். கடைசியில் குமிழை இழுத்து நிறுத்த மறந்து இறங்கிவிட்டேன். இவர்தான் குனிந்து தடவி இழுத்தார். ஆய்வாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

22 பிப்ரவரி, செவ்வாய்

கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரி. வலது கண் ஆபரேஷன் அரை மணி நேரத்தில் முடிந்தது. எனக்கு அரை நாள் போல இருந்தது. காத்திருந்த நேரத்தில் ஒரு நைட்டிக்குக் கையாலேயே ஓரம் தைத்தேன். பார்த்தால் தையல் கோணல். பிரிக்கவில்லை.

23 பிப்ரவரி, புதன்

கட்டைப் பிரித்தார்கள். தெரிகிறது! எதிர்ச் சுவரில் இருந்த எழுத்தைச் சின்னப் பிள்ளை மாதிரி கத்திப் படித்தார். பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னங்க?"

"இந்தச் சேலை பச்சைன்னு நினைச்சிட்டிருந்தேன்."

நீலம்.

6 மார்ச், ஞாயிறு

ஒரு மாதம் வண்டி ஓட்டக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, குனியக் கூடாது. இத்தனை தடை இருக்கிறவர் இன்று காலை காரைச் சுற்றி வந்து கீறலைக் கண்டுபிடித்துவிட்டார். விரலால் தேய்த்தார், சாக்பீஸ் உதிர்ந்தது.

"யாரு பண்ணின வேலை இது? இருபது வருஷமா ஒரு கோடு விழாம வெச்சிருந்தேன். நீ கையில எடுத்து ஒரு மாசம் ஆகல!"

நான்தான் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரிடம் வேறு என்ன சொல்ல? மத்தியானம் வரைக்கும் திட்டினார். நல்ல கண் தெரிகிற திட்டு. கேட்டுக்கொண்டே பத்துப் பாவாடைக்கு நாடா கோத்தேன்.

மைலேஜ் 15.1.

16 மார்ச், புதன்

லைசென்ஸ் டெஸ்ட். பாஸ்! எட்டுப் போடச் சொன்னார்கள், போட்டேன். குமிழை மறக்காமல் இழுத்தேன். ரவீந்திரனுக்குப் போன் செய்தேன். "அம்மா, நீயா? காரா?" என்று நாலு தடவை கேட்டான். பங்குனி பிறந்துவிட்டது, வருவீர்களா என்று கேட்கவே இல்லை. நைட்டி தீர்ந்துவிட்டது, துணி எடுக்க ஈரோடு போக வேண்டும் என்று நானே சொல்லிவிட்டு வைத்தேன்.

20 மார்ச், ஞாயிறு

மீட்டர் 88,130. டீசல் 20 லிட்டர். மைலேஜ் 15.2.

இதை எழுதுவது சென்னியப்பன். துளசிமணியின் வீட்டுக்காரன். மைலேஜைச் சரிபார்க்கலாம் என்று இந்த டைரியை எடுத்தேன். ஜனவரி இரண்டாம் தேதியிலிருந்து முழுக்கப் படித்துவிட்டேன். அவள் ஈரோட்டுத் துணியைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள், இன்னும் பார்க்கவில்லை.

சில திருத்தங்கள். ஜனவரி 25 அன்று வந்தது எருமை இல்லை. அது கறுப்புத் தார்ப்பாய் மூடிய கை வண்டி என்று அன்று அதே ரோட்டில் வந்த ரப்பேல் அப்புறம் சொன்னான். அவளுக்கும் கண்ணைக் காட்ட வேண்டும். உப்புமா விஷயத்தை நான் அன்றே புரிந்துகொண்டேன். அவள் பேச்சுத் துணைக்குப் பேசவில்லை என்பதும் தெரியும். அவள் குரலை வைத்துத்தான் ஓட்டினேன். மட்கார்டில் இருக்கும் கீறல் என்னுடையது. அவளைத் திட்டியது தப்பு. ரப்பேல் பெயின்ட் அடிக்கிறேன் என்றான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது அப்படியே இருக்கட்டும்.

அடுத்த வாரத்திலிருந்து நான் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. எஞ்சின் அவள் காலுக்குப் பழகிவிட்டது. வலது பக்கத்தில் உட்கார்ந்து இருபது வருஷம் ரோட்டைத்தான் பார்த்தேன். இடது பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் முகம் தெரிகிறது.

நாளைக்குக் கோட்டூர் சந்தை. ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும்.